மூன்றாம் பாடு

எங்கள் குப்பத்தில் 'பாடு' என்னும் சொல்லுக்குத் துன்பம் என்று பொருளில்லை. முறை என்று பொருள். பழவேற்காட்டு ஏரி எவ்வளவு அகன்று கிடந்தாலும் எறா என்று நாங்கள் சொல்லும் இறால் மிகுதியாக விழும் துறைகள் சிலவே. அத்துறைகளில் எந்த நாள் எந்த வீட்டார் வலை கட்டலாம் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை ஆவணியில் ஊர் கூடி முடிவு செய்யும். சீட்டில் விழுந்த வரிசைப்படி ஊர்த்தலைவர் கரையோரத் தண்ணீரில் கால் வைத்து நின்று, மொதப் பாடு இன்ன வீடு, ரெண்டாம் பாடு இன்ன வீடு என்று உரக்கக் கூப்பிடுவார். மறுப்பு இருந்தால் கூப்பிட்ட அக்கணமே சொல்லிவிட வேண்டும். ஒருவரும் வாய் திறவாவிட்டால் கூப்பிட்டது கூப்பிட்டதுதான். அடுத்த ஆவணி வரையில் அதை மாற்ற எவராலும் இயலாது. எழுத்தும் இல்லை, கைந்நாட்டும் இல்லை. குரல் ஒன்றே சான்று.

இவ்வழக்கம் வலையோடு நின்றுவிடவில்லை. கோயில் பொங்கலைப் பகிர்வதானாலும், முடிதிருத்துபவர் ஊருக்குள் வந்து அமர்ந்தாலும், எங்களவர் அவ்வாண்டின் பாட்டு வரிசையிலேயே நின்றனர். முன்பாட்டுக்காரர் வந்து சேராதவரை அடுத்தவர் கைகட்டிக் காத்திருப்பார். அவரை யாரும் தடுத்து நிறுத்துவதில்லை. அவர் கால்களே முன்னால் எழா.

அறுபதுகளின் இறுதியில் ஓராண்டு, சீட்டில் எங்கள் வீட்டுக்கு மூன்றாம் பாடு விழுந்தது. சற்றே மேடான இடத்தில் இருந்ததால் எங்கள் வீட்டை 'மோட்டு வூடு' என்பார்கள். சீட்டு விழுந்தும் தலைவர் எங்கள் வீட்டைக் கூப்பிடவில்லை. காரணம் என் அண்ணனின் வலத்தோள். முந்தைய மழைக்காலத்தில் முகத்துவாரத்தருகே படகு கவிழ்ந்தபோது முறிந்த எலும்பு, கோணலாகக் கூடிவிட்டது. கையை மார்புக்கு மேல் தூக்க அவரால் இயலவில்லை. இழுக்க முடியாதவன் வீட்டுக்கு வலையெதற்கு, பாடு எதற்கு என்று முதலில் கேட்டவர் கிணற்று வீட்டுக்காரர். அவருடையது நான்காம் பாடு. நாங்கள் நீங்கினால் அவர் மூன்றாம் இடத்துக்கு வருவார். அவர்பின் நின்றவர்களும் ஒவ்வோரிடம் முன்னேறுவார்கள். ஆகவே அவருக்குத் துணைக்குரல்கள் குறைவாக இல்லை.

அண்ணியின் தாய்வீடு ஏரியின் வடகரையில், தெலுங்கு பேசும் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து தம் தம்பியை வரவழைத்து எங்கள் பாட்டில் வலை இழுக்கச் செய்வதாக அவர் ஊரார் முன் சொன்னார்.

"வடக்கத்தியான் வந்து நம்ம தொறையில கால வெக்கறதா? நல்லா கீதே நாயம்!" என்றார் கிணற்று வீட்டுக்காரர்.

"நானும் வடக்க இருந்து வந்தவதான் மாமா. நான் கால வெச்சி உங்க தொறை இன்னா வத்தியா பூட்ச்சி?" என்று அண்ணி கேட்டார்.

சிரிப்பு எழுந்தது, முடிவு எழவில்லை. குப்பம் முழுவதும் 'நைனா' என்று அழைக்கும் தலைவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அமாவாசைக்குக் கோனைக்குப் போறோம் இல்ல? போய்ட்டு வந்து சாயங்காலம் கரையில குந்திப் பேசி முடிச்சிக்கலாம். அது வரிக்கும் மூணாம் பாடு நிக்கட்டும்" என்றார்.

நான் அப்போது தமிழ்க் கல்லூரியில் புலவர் வகுப்பின் இறுதியாண்டில் இருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்தேன். அந்தப் பாடு போய்விட்டால் வீட்டில் அடுப்பெரிய வேறு வழியில்லை; நான் படிப்பை நிறுத்திவிட்டு வலைக்கு இறங்க வேண்டியிருக்கும். அதைத்தான் நான் அண்ணியிடம் சொன்னேன். அண்ணனுக்கு மாற்றாக நானே நின்றுவிடுகிறேன், ஊரும் மறுக்காது என்றேன்.

"நீ வலையில நின்னியானா எறா எல்லாம் இலக்கணம் கேட்டுக்கினு சிரிச்சிக்கினே ஓடிப்பூடும். போ கொழுந்தனாரே, போய்ப் படி. பாட்ட நான் பாத்துக்கறேன்" என்றார். அதற்குமேல் அப்பேச்சை எடுக்க அவர் இடம் தரவில்லை. எவ்வாறு பார்த்துக்கொள்வார் என்பது அவருக்கும் தெரிந்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அமாவாசையன்று எங்கள் குப்பத்தில் வலை இறங்காது. பொன்னேரி அரிசி ஆலைக்காரர் ஒருவர் தம் லாரியை அன்றைக்கு இரவல் கொடுத்திருந்தார். நாகலாபுரத்து மலைக்குள் ஆறு பாறையைப் பிளந்துகொண்டு வரும் இடம் ஒன்றுண்டு; அதனைத் தெலுங்கரும் தமிழரும் ஒருங்கே கோனை என்பர். எங்கள் ஏரியில் வந்து சேரும் ஆற்றுநீரின் ஒரு பகுதி அந்த மலைகளிலிருந்துதான் இறங்குகிறது என்று கேள்விப்பட்டிருந்தோம். வாழ்நாளெல்லாம் ஆற்றின் வாயிலிலேயே குடியிருப்பவர்களுக்கு அதன் தலையைக் காணும் ஆசை எழுவது இயல்பே.

விடியலில் லாரி ஏறும்போதே எங்கள் நிலை எல்லார்க்கும் புலப்பட்டுவிட்டது. தலைவர் வழக்கம்போல் வரிசையாகக் கூப்பிட்டார்.

"மொதப் பாடு, பெரிய வூடு! ரெண்டாம் பாடு, பனமரத்து வூடு!" அடுத்து அவர் எங்கள் பக்கம் பாராமலே, "மூணு நிக்கட்டும். நாலாம் பாடு, கிணத்து வூடு!" என்றார்.

கிணற்று வீட்டுக்காரர் தம் மனைவி, மாமியார், புளிச்சோற்று அண்டா ஆகியோருடன் ஏறினார். அண்டாவுக்கு அவர் காட்டிய மரியாதையை மாமியாருக்குக் காட்டவில்லை. நாங்கள் எல்லார்க்கும் பின்னால் ஏறினோம். அண்ணி தம் இரு பெண்மக்களைத் தூக்கிவிட்டு, கடைசிப் பலகையில் அமர்ந்து, "கடைசில குந்தினாத்தான் காத்து வரும்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அண்ணன் தம் வலக்கையை இடக்கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பொன்னேரியும் கவரைப்பேட்டையும் கடந்து மேற்கே திரும்பினோம். இன்று தொழிற்சாலைப் புகைபோக்கிகள் நிற்கும் நிலமெல்லாம் அன்று வேர்க்கடலைக் கொல்லையாகவும் சவுக்குத் தோப்பாகவும் இருந்தது. சத்தியவேட்டைத் தாண்டியதும் தரை மெல்ல எழத் தொடங்கியது. தட்டையான நீரையே கண்டு பழகிய எங்களவர், நிலம் இப்படி எழுந்து நிற்பதைக் கண்டு பேச்சடங்கினர். பெரிய வீட்டுக் கிழவர் ஒருவர் மட்டும், "ஏம்பா, இத்த இங்க கொண்டாந்து யாரு கொட்டனாங்க?" என்று கேட்டார்.

லாரியை மலையடிவாரத்தில் நிறுத்திவிட்டு ஓடையோரமாக நடந்தோம். நீர் முழங்காலளவே இருந்தது. அதன் இருமருங்கும் பாறைச்சுவர்கள் நெருங்கி நெருங்கி வந்து, ஓரிடத்தில் வானத்தை ஒரு நீலத்துண்டாகக் குறைத்துவிட்டன. பாறைகள் செந்நிறமும் கருநிறமுமாக அடுக்கடுக்காகப் படிந்திருந்தன. உயரத்தில், மனிதக் கை எட்டாத பிளவுகளில், தேனடைகள் தொங்கின. வேர்கள் மண்ணைத் தேடிப் பாறை வழியே கீழிறங்கி, மண்ணைக் காணாமல் நீரையே பற்றிக்கொண்டிருந்தன. உள்ளே ஓர் அருவி சிறிதாக விழுந்து, கரும்பச்சையான மடு ஒன்றை நிறைத்து, அங்கிருந்து ஓடையாகப் புறப்பட்டது. ஓடையைக் கடந்து மறுபுறம் இருந்த அகன்ற தட்டைப்பாறையில் அமர்ந்தோம்.

"நம் முன்னோர் இத்தகைய இடத்தை விடர் என்றனர்" என்று நான் அண்ணியிடம் சொன்னேன்.

"விடர்னா இன்னா? விட்டுட்டுப் போறதா?"

"பாறைப் பிளவு, அண்ணி."

"பொளவுன்னே சொல்லேன். உன் வாய்க்குள்ள பூந்து வரதுக்குள்ள ஒவ்வொரு சொல்லும் வேட்டி கட்டிக்கினு வருது" என்றார்.

அவருடைய மூத்த பெண் இரு கைகளாலும் நீரை மொண்டு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, "ம்மா, இதுல உப்பு போட மறந்துட்டாங்க" என்றாள். எங்கள் கிணற்று நீரின் கரிப்பையே தண்ணீரின் சுவையென்று அறிந்திருந்த குழந்தை அவள். பெண்கள் இந்த இனிய நீரைக் கொண்டுபோவதற்கென்றே வெறுங்குடங்களை எடுத்து வந்திருந்தனர். ஆண்களில் இருவர் வீச்சுவலை கொண்டுவந்து மடுவில் வீசினர். விரலளவு கெண்டைகள் சில அகப்பட்டன. அவற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டு மீண்டும் நீரில் விட்டனர். மீனில்லாத சோறு உண்பது அமாவாசைக்கு மட்டும் உரிய தண்டனை என்பது எங்கள் கொள்கை. அன்றைய புளிச்சோறோ அந்த மலைக்காற்றில் விருந்தாகவே இருந்தது.

உண்டு முடித்துச் சிலர் படுத்திருந்தனர். எங்கள் தலைக்குமேல் வானம் தெளிவாகவே இருந்தது. அருவிக்குப் பின்னால், மலையின் அப்புறத்தில் மட்டும் ஏதோ உருட்டுவது போன்ற ஓசை கேட்டது. பின்னர் ஓடை மெல்ல நிறம் மாறிற்று. பசுமை போய்ச் செம்மை கலந்தது. தட்டைப்பாறையின் விளிம்பில் வைத்திருந்த குடமொன்றை நீர் தொட்டு நகர்த்தியது.

அக்கரையில், நாங்கள் வந்த வழியில், ஆடு மேய்க்கும் ஒருவர் தலைத்துணியை அவிழ்த்து வீசிக் கூவினார்.

"ஏரு! ஏரு வஸ்தாவுந்தி! ரண்டி, ரண்டி!"

எங்களவர்க்குச் சந்தைத் தெலுங்கு தெரியும். வஸ்தாவுந்தி என்றால் வருகிறது. ரண்டி என்றால் வாருங்கள். 'ஏரு' என்பதுதான் சிக்கல். தலைவர் எழுந்து நீரைப் பார்த்தார். கிழக்கே கடல் இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு மிகுந்த அமைதியோடு சொன்னார்:

"தண்ணி ஏறு, ஏறிக்கினு வருதுன்றான். நமக்குத் தெரியாத ஏத்தமா? அமாவாச இல்ல, ஏத்தம் பெருசாத்தான் இருக்கும். எல்லாரும் மேல தள்ளிக் குந்துங்க. வத்துனதும் போலாம்."

ஒருவரும் இதை வியக்கவில்லை. நீர் உயர்ந்தால் கடல் ஏறுகிறது. சற்றுப் பொறுத்தால் வற்றும். பிறந்த நாள் தொட்டு எங்கள் ஏரி எங்களுக்குக் கற்பித்த உண்மை அது ஒன்றே. மலையின் நடுவில் இருக்கிறோம் என்பது ஒருவர் நினைவிலும் வரவில்லை. கூட்டம் பாயைச் சுருட்டிக்கொண்டு பாறையின் மேற்பகுதிக்கு நகர்ந்தது. கிணற்று வீட்டுக்காரர் அண்டாவையும் நகர்த்தினார்.

அண்ணி மட்டும் நகரவில்லை. "ரண்டி" என்று ஆடு மேய்ப்பவர் மீண்டும் கூவுவதைக் கேட்டு நிமிர்ந்தார். நீரில் மிதந்துபோன சருகுகளைப் பார்த்தார். பின்னர் கத்தினார்:

"அய்யய்யோ நைனா! ஏறு இல்ல நைனா, ஏரு! ஏருன்னா ஆறு! ஆறு வருதுன்றாரு அவரு! மேல மழ பேஞ்சி ஆறு வருது!"

"ஆறு கீதே இங்க. புதுசா எங்கேந்து வருது?" என்றார் தலைவர்.

"இது ஏத்தம் இல்ல, வத்தாது! எல எல்லாம் ஒரே போக்கா போவுது பாரு! இங்கயே குந்திக்கினு இருந்தா ராவிக்கும் நாளிக்கும் இங்கதான்!"

ஏரு என்பது நம் ஆறு என்னும் சொல்லின் உடன்பிறப்பு. ரகரம் றகரம் பற்றிக் கல்லூரியில் நாள்தோறும் வாதிட்டுக்கொண்டிருந்த எனக்கும், அவர் சொன்ன பிறகே அது விளங்கியது. தலைவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: தம் கணிப்புத் தவறென்று அறிந்த மறுகணம் அவர் அதனைத் தூக்கியெறிந்துவிட்டார். "ஆம்பளைங்க எல்லாம் தண்ணில எறங்கு! வலைக்கு நிக்கறா மாரி நில்லு!" என்றார்.

வலைக்கு நிற்பதென்பது எங்கள் ஆண்களின் உடலில் ஊறிய வித்தை. ஒருவர் கையை ஒருவர் பின்னிக்கொண்டு, காலை அகற்றி, சேற்றில் நட்ட கழிபோல அசையாமல் நிற்பது. இக்கரை முதல் அக்கரை வரை நின்றனர். நீர் அதற்குள் தொடைக்கு வந்துவிட்டது. நடுவில் இடுப்புக்கும் வந்தது. அக்கரை முனையில் ஆடு மேய்ப்பவர் தம் கோலை நீட்டிப் பிடித்துக்கொண்டார். என் அண்ணனும் இறங்கினார்.

"உன்னால ஆவாது, நீ குந்துபா" என்றார் யாரோ.

"இஸ்க்கத்தான் ஆவாது. நிக்கறதுக்குத் தோளா வேணும், காலு போதாது?" என்று கேட்டுவிட்டு அண்ணன் நடுவில் போய் நின்றார். அண்ணி என்னை அவருடைய வலப்பக்கத்தில் இறக்கிவிட்டார். அவருடைய பழுதுற்ற கையைப் பின்னாமல், அவர் அரைஞாணோடு வேட்டியைச் சேர்த்துப் பற்றிக்கொண்டேன்.

ஆண்கள் மேல்நீர்ப்புறம் அரணாக நிற்க, பெண்களும் குழந்தைகளும் முதியோரும் அவர்களைப் பற்றியபடியே கடக்க வேண்டும். ஆனால் கரையில் நின்றோர்க்குப் பொறுமை போய்விட்டது. ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு ஒரே நேரத்தில் பலர் இறங்க, எங்கள் வரிசை வில்போல் வளைந்தது. ஒரு குடம் நழுவிச் சுழன்று போயிற்று. குழந்தைகள் அலறின. நீருக்குள் நின்ற தலைவர் கூவினார். நீரின் இரைச்சலில் அவர் குரல் எடுபடவில்லை.

அப்போது அண்ணி தட்டைப்பாறையின் மேட்டில் ஏறி நின்றார். ஆவணிதோறும் கரையில் நாங்கள் கேட்கும் அதே இழுப்பில், அதே நிறுத்தத்தில், குரலெடுத்தார்.

"மொதப் பாடு! பெரிய வூடு!"

கூட்டம் நின்றது. அதனை எவ்வாறு விளக்குவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அஞ்சி நடுங்கிக்கொண்டிருந்த மனிதர்கள், அந்தக் குரலைக் கேட்டதும், இறங்கிய காலை எடுத்துக் கரையில் வைத்தார்கள். பெரிய வீட்டார் மட்டும் இறங்கினர். எங்கள் தோள்களை ஒவ்வொன்றாகப் பற்றிக் கடந்து அக்கரை ஏறினர்.

"ரெண்டாம் பாடு! பனமரத்து வூடு!"

அவர்களும் கடந்தனர். கிழவர் ஒருவரை முதுகில் சுமந்தபடி அவ்வீட்டு மருமகள் நடந்தாள். வரிசை வளையவில்லை.

அடுத்துக் குரல் எழவில்லை.

நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். அண்ணி பாறைமேல் நின்றிருந்தார். இளையவள் இடுப்பில், மூத்தவள் கைப்பிடியில். அவர் வாய் மூடியிருந்தது. நீர் என் விலாவைத் தொட்டது. அண்ணி நின்ற மேட்டுக்குக் கீழே கிணற்று வீட்டுக்காரர் குடும்பம், ஏறிவந்த நீர் கணுக்காலை நனைக்க, நின்றது. அகவை மிகுதியென்று சொல்லி வரிசையில் நிற்பதிலிருந்து விலகிக்கொண்டவர் அவர். நான்காம் பாட்டுக்காரர். முன்னால் வெற்றிடம் கிடந்தது. இரண்டடி வைத்தால் அவர் எங்கள் வரிசையைப் பற்றிவிடலாம். ஆயினும் இரண்டாம் பாட்டுக்குப் பின் நான்காம் பாடு கால் வைப்பதை அவர் கால்கள் வாழ்நாளில் பழகியிருக்கவில்லை. பின்னாலிருந்து அவர் மாமியார் அவர் முதுகில் குத்தினார். மேலே மீண்டும் உருட்டோசை கேட்டது.

"மூணாம் பாடு போயேம்மா!" என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார். "மோட்டு வூடு! உன்னத்தான்! உம் பாடு வந்து நிக்குது, நீ இன்னா செலையாட்டம் நின்னுக்கினு கீற? உங்க பாடு முடிஞ்சாத்தானே நான் போவ முடியும்! பேஜாரா பூட்ச்சி உன்னோட!"

அண்ணி ஒரு கணம் பொறுத்தார். வரிசையிலோ கரையிலோ எவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

"தோ போறேன் மாமா" என்று சொல்லிவிட்டு நீரில் இறங்கினார்.

அவர் என்னைக் கடந்தபோது அவர் கை என் தோளை அழுத்தியது. அண்ணனைக் கடந்தபோது, பழுதுற்ற அத்தோளை விலக்காமல், அதையே பற்றிக்கொண்டு கடந்தார். அக்கரை ஏறிக் குழந்தைகளை ஆடு மேய்ப்பவரருகே நிறுத்திவிட்டு, அங்கிருந்தே திரும்பி நின்று குரல் கொடுத்தார்.

"நாலாம் பாடு! கிணத்து வூடு!"

அதன்பின் ஒருவர் எஞ்சாமல் எல்லார் பாடும் வந்தது. கடைசி வீடு கடந்ததும், இக்கரை முனையிலிருந்து ஒவ்வொருவராக வரிசையை அவிழ்த்து, அடுத்தவரைப் பற்றியபடியே நாங்களும் கரையேறினோம். வீச்சுவலைகளும் பாய்களும் பாதிக் குடங்களும் அங்கேயே நின்றுவிட்டன. கிணற்று வீட்டு அண்டாவும் நின்றது. சற்று நேரத்தில் மலையைப் பெயர்த்துக்கொண்டு வருவதுபோல் ஆறு வந்தது. நாங்கள் வத்தத்துக்காகக் காத்திருக்கவிருந்த தட்டைப்பாறை கண்ணெதிரே மறைந்தது. அண்டா ஒருமுறை மேலெழுந்து தலைகாட்டிவிட்டுப் புறப்பட்டது.

"நம்ம ஏரிக்குத்தானே வருது! கரையில நின்னா புடிச்சிக்கலாம்" என்றார் அண்ணன். அன்று அவர் இரண்டாம் முறையாகப் பேசியது அதுதான். சிரித்தபோதுதான் பலருக்கு அழுகையும் வந்தது.

ஆடு மேய்ப்பவருக்குத் தலைவர் கைகூப்பினார். பின்னர் ஒரு கல்லின்மேல் அமர்ந்து, துண்டைப் பிழிந்தபடி, எவரையும் பாராமல் கேட்டார்.

"மூணாம் பாட்ட கூப்ட்டது யாரு?"

ஈரத்தோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தனர். கிணற்று வீட்டுக்காரர் மனைவி தம் கணவரைப் பார்த்த பார்வை, அண்டா போனபோது பார்த்ததைவிடக் கொடியது. கிணற்று வீட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

"நைனா, அது... அது உயிருக்கு பயந்து சொன்னது."

"கேட்டதுக்கு பதில் சொல்லு. கூப்ட்டது யாரு?"

"நான்தான் கூப்ட்டேன். ஆனா அது ஆத்துல கூப்ட்டது நைனா! நம்ம ஏரியிலயா கூப்ட்டேன்?"

"தண்ணில கால வெச்சிக்கினு கூப்ட்டியா, இல்லியா?"

"வெச்சிக்கினுதான்."

"ஊரு மொத்தம் கேட்டுக்கினு இருந்திச்சா?"

"இருந்திச்சி."

"எவனாவது நில்லுன்னு சொன்னானா? நான் சொன்னனா? நீ சொன்னியா?"

அவர் மாமியார் முந்திக்கொண்டு, "எங்க சொன்னாரு? போயேம்மா போயேம்மான்னு என் காது பக்கத்துல இன்னா கத்து கத்தனாரு!" என்றார்.

தலைவர் எழுந்தார். "அப்ப கூப்ட்டது கூப்ட்டதுதான். சாயங்காலம் கரையில பேசறதுக்கு ஒண்ணும் இல்ல." பின்பு அண்ணனைப் பார்த்து, "நீ நில்லு. இஸ்க்கறதுக்கு உன் மச்சான வடக்க இருந்து வரச் சொல்லு. வடக்கத்தி பாஷ தெரிஞ்ச ஆளு ஒண்ணு ரெண்டு ஊர்ல இருந்தா நல்லதுதான் போல கீது" என்றார்.

அண்ணி முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. கீழிறங்கும் வழியில் நான் அவர் அருகில் நடந்து, மூன்றாம் பாட்டை வேண்டுமென்றே கூப்பிடாமல் விட்டீர்களா என்று கேட்டேன்.

"எம் பேர நானே எப்படி கூப்ட்டுக்கறது? அது மரியாதியா?" என்றார். பிறகு சற்றுத் தூரம் நடந்து, "புள்ளைங்கள கையில வெச்சிக்கினு எனக்கும் காலு ஒதறிச்சி கொழுந்தனாரே. இன்னும் கொஞ்ச நேரம் அவரு கூப்ட்டு இருக்கலனா நானே ஓடி வந்திருப்பேன்" என்றார்.

நான் எத்தனையோ மேடைகளில் சொல்லாற்றல் மிக்கோர் பேசக் கேட்டிருக்கிறேன். எந்தச் சொல்லை விடுக்க வேண்டும் என்பதறிந்தோர் பலர். எந்தச் சொல்லைப் பிறர் வாயில் விட்டுவிட வேண்டும் என்பதை, பெருகிவரும் ஆற்றின் விளிம்பில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அறிந்திருந்தவர் எங்கள் வீட்டில் இருந்தார். அவரை அண்ணி என்று அழைக்கும் உரிமை எனக்கு இருந்தது. அவ்வாண்டு நான் புலவர் பட்டம் பெற்றேன். அதனை ஊரார் பெருமையாகச் சொன்னபோதெல்லாம், அப்பெருமை சென்று சேர வேண்டிய முகவரி வேறென்று நான் சொல்லத் தவறியதில்லை.

லாரியில் ஏறினோம். அன்று வரிசை ஏதும் இல்லை. குளிரில் நடுங்கியவர்கள் முதலில் ஏறிக்கொண்டனர். கிணற்று வீட்டுக்காரர் நெடுநேரம் கீழேயே நின்றிருந்தார். கடைசியாக ஏறி வந்து பார்த்தபோது அண்ணனுக்கு அருகில் மட்டுமே சிறிது இடம் இருந்தது. அவர் தயங்கினார்; இருமினார்; துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"மூணாம் பாட்டுக்காரரே, கொஞ்சம் நவுந்து குந்துபா" என்றார்.

அண்ணன் தம் வலக்கையை இடக்கையால் எடுத்து மடியில் சேர்த்துக்கொண்டு, அவருக்கு இடம் விட்டார்.